லப்... டப்... அப்புறம்?

ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடை முன்னால் நின்றுகொண்டு, நெஞ்சில் கையை வைத்து, "என்னமோ படபடங்குதுண்ணே" என்று ஒரே ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். டீ ஆறுவதற்குள் ஆறு டாக்டர்கள் கிடைப்பார்கள். ஃபீஸ் கிடையாது.

முதல் டாக்டர், "கேஸுப்பா! ஒரு சோடாவக் குடி, ஏப்பம் விட்டாச் சரியாப் போகும்" என்பார். இரண்டாமவர், "ராத்திரி புரோட்டா தின்னியா?" என்று போலீஸ் மாதிரி விசாரிப்பார். மூன்றாமவர் பூண்டைச் சுட்டுத் தின்னச் சொல்வார். நாலாவது ஆள் கண்ணைச் சிமிட்டி, "எந்தத் தெருப் பொண்ணு மாப்ள?" என்பான். பூ விற்கிற பாட்டி, "உச்சி வேளையில கணவாப் பக்கம் போனியாடா? போய்த் துந்நூறு போட்டுக்க" என்பார். ஆறாவது ஆள் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே தீர்ப்புச் சொல்வார்: "எல்லாம் அந்தக் கொரோனா ஊசி பண்ற வேலைதான்!"

ஆறு பேரில் ஒருவராவது உங்கள் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, நாடியை எண்ணியிருப்பாரா? மாட்டார். அதுதான் விஷயம்.

"பி.காம். படிச்சவன் நாடியைப் பத்தி எழுதலாமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நாடி என்பது எண்ணிக்கை சார்! எண்ணி, எழுதி, கூட்டிப் பார்க்கிற வேலை எங்கள் டிபார்ட்மென்ட். வைத்தியத்தை டாக்டரிடம் விட்டுவிடுவோம். கணக்கை மட்டும் நாம் பார்ப்போம்.

நிமிஷத்துக்கு 72 துடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 1,03,680. ஒரு வருஷத்துக்கு 3 கோடியே 78 லட்சத்துச் சொச்சம். லீவு இல்லை, பெர்மிஷன் இல்லை, தீபாவளி போனஸ் இல்லை. இத்தனை என்ட்ரி விழுகிற ஒரு பேரேட்டில் ஒன்றிரண்டு முன்னே பின்னே விழாமல் இருக்குமா? விழும். உங்களுக்கும் விழும், எனக்கும் விழும், ஒலிம்பிக்கில் ஓடுகிறவனுக்கும் விழும். எந்த என்ட்ரியை விட்டுவிடலாம், எதை ஆடிட்டரிடம் காட்ட வேண்டும் என்பதுதான் கேள்வி.

* * *

முதலில், இந்தத் துடிப்பை யார் ஆரம்பித்து வைக்கிறார்கள்?

இதயத்துக்கு மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. வலது மேல் அறையின் மூலையில் குட்டியாக ஒரு தசைத் துணுக்கு. மின்சாரம் அங்கேதான் உற்பத்தி. 1907-ல் இங்கிலாந்தில் ஆர்தர் கீத் என்பவரும், மார்ட்டின் ஃப்ளாக் என்ற மருத்துவ மாணவரும் இதைக் கண்டுபிடித்தார்கள். முதலில் பார்த்தது மனித இதயத்தில் இல்லை. மண்ணுக்குள் வளை தோண்டுகிற அகழெலி ஒன்றின் இதயத்தில்! எலி உபகாரம்.

அங்கே கிளம்புகிற மின்சாரம் மேல் அறைகளைச் சுருக்கிவிட்டுக் கீழே இறங்க வேண்டும். இறங்குவதற்கு ஒரே ஒரு வழி. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். உசிலம்பட்டியிலிருந்து வருகிற பஸ் எதுவானாலும் ஆண்டிபட்டிக் கணவாய் வழியாகத்தானே இறங்கியாக வேண்டும்? அதே மாதிரி இதயத்திலும் ஒரு கணவாய். அங்கே மின்சாரம் கொஞ்சம் நிதானித்து, ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு செகண்டு தாமதித்துத்தான் கீழே இறங்கும். மேல் அறையில் இருக்கிற ரத்தம் கீழ் அறைக்குப் போய்ச் சேர அவகாசம் வேண்டுமே, அதற்காக. (2010 கடைசியில் மதுரை - போடி ரயிலை அகலப் பாதைக்காக நிறுத்தினார்கள். தேனி வரைக்கும் அது திரும்பி வந்தது 2022 மே மாதம். தாமதத்தைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை!)

சரி, இந்த ஒழுங்கு எப்போதெல்லாம் பிசகும்? ரொம்பச் சாதாரணமான இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று, மூச்சு. இப்போதே நாடியைப் பிடித்துக்கொண்டு நன்றாக மூச்சை இழுங்கள். துடிப்பு சற்று வேகமாகும். மெல்ல விடுங்கள். நிதானமாகும். பையன்களுக்கும் வாலிபர்களுக்கும் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். இது நோய் இல்லை. இளமையின் அடையாளம். வயசாக ஆகத்தான் இது மங்கும்.

இரண்டாவது, "ஒரு துடிப்பு மிஸ் ஆயிருச்சு" என்கிறோமே, அது. உண்மையில் எதுவும் மிஸ் ஆவதில்லை. ஒரு துடிப்பு அவசரப்பட்டு முன்னாலேயே வந்துவிடுகிறது. பத்து மணி ஆபீசுக்கு ஒன்பதரைக்கே வந்து உட்காருகிற புது கிளார்க் மாதிரி. அந்த நேரத்தில் இதயத்தில் ரத்தம் முழுசாக நிரம்பியிருக்காது. அதனால் அந்தத் துடிப்பு மணிக்கட்டுக்கே வந்து சேராது. பிறகு ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் ரத்தம் கூடுதலாக நிரம்பிவிடும். அடுத்த துடிப்பு "தொம்"மென்று விழும். அந்தத் தொம் சத்தத்துக்குத்தான் நாம் எழுந்து உட்கார்ந்து, மணி பார்த்து, உயில் எழுதலாமா என்று யோசிக்கிறோம். இதயத்தில் வேறு கோளாறு இல்லாத இளைஞர்களுக்கு எப்போதாவது வருகிற இந்த அவசரத் துடிப்பு பெரும்பாலும் சாது. தூக்கம் கெட்டால் வரும். பரீட்சை, இன்டர்வியூ, மாசக் கடைசி என்றால் வரும். காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு ஆகியவற்றாலும் வரலாம். இந்த மூன்றையும் டாக்டர் பார்த்துச் சரிசெய்து விடலாம்.

டீ, காபி? 2023-ல் அமெரிக்காவில் 100 பேருக்கு உடம்பில் கருவியை ஒட்டிவிட்டு, ஒருநாள் காபி குடி, ஒருநாள் குடிக்காதே என்று மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கீழ் அறையிலிருந்து வரும் அவசரத் துடிப்பு, காபி குடிக்காத நாளில் சராசரி 102, குடித்த நாளில் 154. மேல் அறையில் பெரிய வித்தியாசம் இல்லை. இன்னொரு தமாஷ்: காபி குடித்த நாளில் ஆயிரம் அடி கூடுதலாக நடந்திருக்கிறார்கள், 36 நிமிஷம் குறைவாகத் தூங்கியிருக்கிறார்கள். நம் ஆபீஸ் ஸ்டாஃப் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததுதான்.

காபியை இப்படி ஜாமீனில் விட்டாலும் சரக்கை விட முடியாது. 1978-ல் எட்டிங்கர் என்ற அமெரிக்க டாக்டரும் அவர் சகாக்களும் ஒன்றைக் கவனித்தார்கள். சனி, ஞாயிறும் பண்டிகையும் முடிந்த கையோடு இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது என்று ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். காரணம் முந்தின நாள் குடி. 'விடுமுறை இதயம்' என்று பேர் வைத்தார்கள். திங்கட்கிழமை காலையில் நெஞ்சு படபடப்பது மானேஜர் முகத்தைப் பார்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நண்பர்கள் கவனிக்க.

* * *

இப்போது என் சித்தப்பா மகன் கதை. அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பேரை மட்டும் விட்டுவிட்டேன்.

வயசு 19. பிளஸ் டூ முடித்துவிட்டுப் போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயார் செய்துகொண்டிருந்தான். இரண்டாம் நிலைக் காவலருக்கு 1,500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓட வேண்டும். இவன் அதற்கு முன்பே முடித்துவிட்டு, பின்னால் வருகிறவர்களுக்குக் கை தட்டிக்கொண்டு நிற்பான். விடியற்காலையில் வைகை டேம் ரோட்டில் ஓட்டம், சாயங்காலம் தண்டால். பீடி, சிகரெட் கிடையாது. உடம்பு தேக்கு.

ஒருநாள் ஓடி முடித்து, ஷூ லேஸ் கட்டக் குனிந்திருக்கிறான். டக்கென்று யாரோ ஸ்விட்ச் போட்ட மாதிரி நெஞ்சு பறக்க ஆரம்பித்துவிட்டது. எண்ண முடியாத வேகம். கழுத்தில் நரம்பு துடிக்கிறது, கிறுகிறுப்பு. கால் மணி நேரம். பிறகு டக்கென்று ஸ்விட்சை அணைத்த மாதிரி நின்றுவிட்டது. நின்ற பிறகு எப்படி இருந்தது என்று கேட்டேன். "ஒண்ணுமே நடக்காத மாதிரி இருந்துச்சுண்ணே. நானே பொய் சொல்றேனோன்னு எனக்கே டவுட்டு வந்துருச்சு" என்றான்.

அங்கேதான் சிக்கல். வருகிறபோது ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்காது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அது இருக்காது. ஒன்றரை வருஷம் இப்படியே ஓடியது. ஒரு இடத்தில் கேஸ் மாத்திரை. இன்னொரு இடத்தில், "பரீட்சைப் பயம்." பிறகு ஒரு தாயத்து, இரண்டு முறை வேப்பிலை அடிப்பு. ஈ.சி.ஜி. மட்டும் யாரும் எடுக்கவில்லை.

சித்திக்கு வேறு கவலை. ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஏப்பா, இத வெளிய சொல்லிப்புடாதப்பா. நெஞ்சுல கோளாறுன்னு தெரிஞ்சா போலீஸ்ல எடுப்பாய்ங்களா? நாளப்பின்ன ஒரு பொண்ணு கேட்டுப் போனாத்தான் குடுப்பாய்ங்களா?"

பையனும் அதே பயத்தில் கோச்சிடம் வாயைத் திறக்கவில்லை. படபடப்பு வந்தால் ஓரமாகப் போய் ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி உட்கார்ந்துகொள்வானாம். நம் ஊர்களில் நெஞ்சு நோயைவிடப் பெரிய நோய் இதுதான். வேலை போய்விடும், கல்யாணம் நின்றுவிடும் என்று உயிர் சம்பந்தப்பட்ட ஒரு கணக்கை மறைத்து வைப்பது.

முதல் துப்புக் கொடுத்தது சித்தப்பா. அவர் சக்கம்பட்டியில் நெசவு. தறி ஓடுகிற சத்தத்தை வைத்தே இழை அறுந்ததைச் சொல்லிவிடுவார். ஒருநாள் ராத்திரி பையனுக்கு வீட்டிலேயே படபடப்பு வந்தது. சித்தப்பா பேசாமல் அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். பிறகு சொன்னார்: "தறி தப்பலப்பா. ரெண்டு மடங்கு, மூணு மடங்கு வேகமா ஓடுது. ஆனா ஒரே சீரா ஓடுது."

இதைக் கேட்டதும் நான் என் பி.காம். புத்தியைக் காட்டினேன். ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக் கோடு போட்டுக் கொடுத்தேன். தேதி. நேரம். அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய்? மெல்ல ஏறியதா, டக்கென்றா? சீராக இருந்ததா, தாறுமாறாகவா? எத்தனை நிமிஷம்? எப்படி நின்றது? மயக்கம் உண்டா? இரண்டு மாசத்தில் ஏழு என்ட்ரி.

அந்த நோட்டோடு மதுரையில் ஒரு இதய டாக்டரிடம் போனோம். அவர் ஸ்டெதஸ்கோப்பை எடுக்கும் முன்னால் நோட்டை எடுத்தார். ஏழு என்ட்ரியையும் படித்தார். "தம்பி, பாதி வைத்தியம் முடிஞ்சுது" என்றார். உடனே ஈ.சி.ஜி. அப்போது படபடப்பு எதுவும் இல்லை. ஆனாலும் காகிதத்தில் ஒவ்வொரு துடிப்பின் ஆரம்பத்திலும் ஒரு சின்னச் சரிவு. டாக்டர் பேனாவால் அதைச் சுற்றிக் காட்டினார்.

"கணவாய் வழியா ஒரு ரோடுதான இருக்கணும்? உனக்குப் பிறவியிலேயே மலைக்குப் பின்னாடி ஒரு ஒத்தையடிப் பாதையும் இருக்கு. கரண்ட் ரோட்டு வழியா இறங்கி, ஒத்தையடிப் பாதை வழியாத் திரும்ப மேல ஏறிருது. மறுபடி ரோட்டுல இறங்குது. டவுன் பஸ் மாதிரி சுத்திக்கிட்டே இருக்கு. அதான் அந்த வேகம்."

டாக்டரும் எங்கள் பக்கத்துக்காரர்தானோ என்னவோ!

* * *

இந்த ஒற்றையடிப் பாதைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1928-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பால் டட்லி ஒயிட் என்ற டாக்டரிடம் உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் வந்தார். நல்ல ஆரோக்கியம், ஆனால் திடீர் திடீரென்று படபடப்பு. ஈ.சி.ஜி.யில் இதே மாதிரி ஒரு விநோதம். ஒயிட்டும் அவருடைய சகா லூயிஸ் வோல்ஃபும், லண்டனில் இருந்த ஜான் பார்க்கின்சனும் சேர்ந்து இப்படி 11 பேரைத் தேடிப் பிடித்து 1930-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். தலைப்பிலேயே 'ஆரோக்கியமான இளைஞர்கள்' என்று போட்டிருந்தார்கள். மூன்று பேர் பெயரையும் சேர்த்து 'வோல்ஃப் - பார்க்கின்சன் - ஒயிட்' என்றே இன்றும் அழைக்கிறார்கள்.

பேர் வைத்தாகிவிட்டது, பாதையை மூட வேண்டாமா? 1968-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரு மீனவருக்கு நெஞ்சைத் திறந்து அதை வெட்டினார்கள். இன்று நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. தொடை நரம்பு வழியாக மெல்லிய கம்பியை இதயத்துக்குள் அனுப்பி, அந்தப் பாதை இருக்கிற இடத்தைத் தேடி, சூடு வைத்து மூடிவிடுகிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் சரியாகிவிடுகிறது. அப்படியே விட்டால் என்ன? பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. மிகச் சிலருக்கு மேல் அறை தாறுமாறாகத் துடிக்க ஆரம்பித்து, அந்த வேகம் முழுவதும் நிதானிப்பு இல்லாத ஒற்றையடிப் பாதை வழியாகக் கீழே பாய்ந்து உயிருக்கே உலை வைத்துவிடும். அந்தச் சிலரில் யார் என்று டீக்கடையில் சொல்ல முடியாது.

சித்தப்பா மகனுக்கும் அதே வைத்தியம்தான் நடந்தது. மறுநாள் நடந்தான். டாக்டர் சொன்ன தேதி வரைக்கும் காத்திருந்து மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டான். நோட்டில் எட்டாவது என்ட்ரி விழவில்லை.

இந்த மாதிரி ஸ்விட்ச் போட்ட படபடப்புக்கு முதலுதவி ஒன்றையும் அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். சாய்ந்து உட்கார்ந்து, சிரிஞ்சு ஒன்றின் குழாயை ஊதித் தள்ளுகிற மாதிரி 15 செகண்டு முக்க வேண்டும். உடனே மல்லாக்கப் படுக்க வைத்து, இன்னொருவர் இரண்டு காலையும் தூக்கி 15 செகண்டு பிடிக்க வேண்டும். இங்கிலாந்தில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், சும்மா முக்கியவர்களில் 17 சதவீதம் பேருக்கு இதயம் ஒழுங்குக்கு வந்தது. காலையும் தூக்கிவிட்டவர்களில் 43 சதவீதம். செலவு பூஜ்யம். ஆனால் உங்களுக்கு வருவது இந்த ரகம்தான் என்று டாக்டர் சொன்ன பிறகு, அவரிடமே ஒரு தடவை செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள்.

* * *

இனிச் சிரிக்க முடியாத பகுதி.

ஓடும்போது, நீந்தும்போது, திடீரென்று அலாரம் அடிக்கும்போது ஒரு பையன் விழுந்து கைகால் வெட்டி இழுத்தால் நம் ஊரில் என்ன செய்வோம்? "வலிப்பு! வலிப்பு!" என்று கத்திக்கொண்டு கையில் சாவிக்கொத்தைத் திணிப்போம். வலிப்பாகவும் இருக்கலாம். ஆனால் இதயம் தாறுமாறாகித் தலைக்கு ரத்தம் போகாவிட்டாலும் உடம்பு அப்படித்தான் வெட்டும். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் ரீசார்ஜ் ஆக வேண்டும். சிலருக்குப் பரம்பரையாக அந்த ரீசார்ஜ் அளவுக்கு மேல் நீண்டுவிடும். நீச்சலும் அலாரம் சத்தமும் அவர்களில் சிலருக்கு எமன். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்காமலே, வருஷக்கணக்காக வலிப்பு மாத்திரை சாப்பிட்டவர்கள் உலகம் முழுக்க உண்டு. மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கி முழுங்குகிற சில ஆன்டிபயாட்டிக்கும் இவர்களுக்கு ஆகாது.

இன்னும் சிலருக்கு இதயத் தசையே தடித்திருக்கும். கேமரூன் கால்பந்து வீரர் மார்க் விவியன் ஃபோ, 2003 ஜூன் 26-ல் பிரான்ஸின் லியோன் நகர மைதானத்தில் பக்கத்தில் யாருமே இல்லாதபோது சரிந்தார். 28 வயசு. பிழைக்கவில்லை. தசை தடித்திருந்தது பிறகு தெரிந்தது. 2021 ஜூன் 12-ல் கோபன்ஹேகனில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சனும் ஆட்டத்தின் 43-வது நிமிஷத்தில் அப்படித்தான் விழுந்தார். இங்கே உடனே நெஞ்சை அழுத்தினார்கள், மைதானத்திலேயே மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். எழுந்தார். நெஞ்சுக்குள் ஒரு கருவியைப் பொருத்திக்கொண்டு 2022 பிப்ரவரியில் மறுபடி மைதானத்துக்கு வந்துவிட்டார். ஃபோவின் நோய் என்ன, எரிக்சனின் நோய் என்ன என்பது வேறு விவகாரம். பக்கத்தில் இருந்தவர்கள் முதல் நிமிஷத்தில் செய்ததை மட்டும் நாம் கற்றுக்கொள்ளலாம்.

அந்த ஆறாவது டீக்கடை டாக்டருக்கும் ஒரு பதில் இருக்கிறது. ஆரோக்கியமாக இருந்த 18 முதல் 45 வயதுக்காரர்கள் திடீரென்று இறந்தது ஏன் என்று சென்னையில் இருக்கும் ஐ.சி.எம்.ஆரின் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் ஆராய்ந்தது. நாடு முழுக்க 47 பெரிய ஆஸ்பத்திரிகளின் துணையோடு, 2021 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரை நடந்த 729 மரணங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, உயிரோடு இருக்கும் 2,916 பேர். தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. இரண்டு டோஸ் போட்டவர்களுக்கு ஆபத்து குறைந்தே இருந்தது. கூட்டியவை வேறு: கொரோனாவில் ஆஸ்பத்திரியில் படுத்தது, குடும்பத்தில் ஏற்கெனவே திடீர் மரணம், கடைசி 48 மணி நேரத்தில் மட்டுமீறிய குடி, போதைப் பொருள், அதே 48 மணி நேரத்தில் செய்த கடும் உடற்பயிற்சி. இவை எல்லாமே இதயத் துடிப்புக் கோளாறு என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் "எதுக்கும் ஊசிதான் காரணம்" என்கிற பேச்சு இதோடு அடங்க வேண்டும்.

அதற்காக நாளையிலிருந்து ஓட்டத்தை நிறுத்திவிடாதீர்கள்! ஒரு வருஷம் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு ஒரே நாளில் உசேன் போல்ட் ஆக நினைப்பதுதான் தப்பு. படிப்படியாக ஓடுங்கள்.

* * *

ஆடிட்டர் பாஷையில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

'சின்னச் செலவு' கணக்கு: சும்மா இருக்கும்போது எப்போதாவது ஒரு "தொம்". நடந்தால், ஓடினால் மறைந்துவிடுகிறது. மயக்கம் இல்லை. குடும்பத்தில் யாரும் இளவயசில் திடீரென்று போகவில்லை. இதற்கு ஒரு தடவை டாக்டரைப் பார்த்து, ஒரு ஈ.சி.ஜி. எடுத்து, நார்மல் என்றால் தூங்கப் போங்கள். தினம் பத்து தடவை நாடி பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் படபடப்பு வராதவனுக்கும் வந்துவிடும்.

'அவசியம் காட்டு' கணக்கு: ஸ்விட்ச் போட்ட மாதிரி வந்து, ஸ்விட்ச் போட்ட மாதிரி போவது. படபடப்போடு கிறுகிறுப்பு, மூச்சுத் திணறல். நாள் முழுக்க அடிக்கடி தப்புகிற துடிப்பு. நோட்டு ஒன்றை எடுங்கள், எழுதுங்கள், காட்டுங்கள். தேனி மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, ஆண்டிபட்டியிலிருந்து தேனி போகிற வழியில் க.விலக்கில்தான் இருக்கிறது. ஈ.சி.ஜி.க்காக மெட்ராசுக்கு டிக்கெட் போட வேண்டியதில்லை.

'இன்றே போ' கணக்கு: ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி விழுவது. ஓடும்போது நெஞ்சு வலி. குடும்பத்தில் 40 வயசுக்குள் யாராவது தூக்கத்திலோ, தண்ணீரிலோ, ஓட்டத்திலோ திடீரென்று இறந்திருப்பது. "மாமாவுக்கு மாரடைப்பு", "அத்தை மகன் கிணத்துல மூழ்கிட்டான்" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பவற்றை ஒருமுறை தூசி தட்டி விசாரியுங்கள். நன்றாக நீச்சல் தெரிந்தவன் ஏன் மூழ்கினான் என்று கேளுங்கள். அந்தப் பதில் உங்கள் தம்பியைக் காப்பாற்றலாம்.

கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 4,19,297 பேர் வாட்ச் கட்டிக்கொண்ட ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2019-ல் வந்தது. "நாடி சரியில்லை" என்று வாட்ச் எச்சரித்தது மொத்தத்தில் 0.52 சதவீதம் பேரை. 40 வயதுக்குக் கீழே 0.16 சதவீதம்தான். வாட்ச் சும்மா இருக்கிறது என்று மயக்கத்தை அலட்சியம் பண்ணாதீர்கள். அது கத்துகிறது என்று அலறவும் வேண்டாம். அதுவும் நோட்டில் ஒரு என்ட்ரி, அவ்வளவுதான்.

சித்தி மாதிரி பயப்படுகிற அம்மாக்களுக்கும் ஒன்று. பேர் தெரிந்த நோய்க்கு மருந்தோ, சூடோ, கருவியோ ஏதோ ஒன்று இருக்கிறது. பேர் தெரியாமல் மறைத்து வைத்த நோய்க்கு எதுவுமே இல்லை. மறைத்து வைத்தால் மாப்பிள்ளை கிடைப்பான் என்பது சரி. எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி.

கடைசியாக ஒன்று. உங்கள் கண்ணெதிரே ஒருவன் விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு இல்லை அல்லது திணறித் திணறி வருகிறது என்றால் யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஒருவர் 108-க்குப் போன் செய்யட்டும். இன்னொருவர் அவன் நெஞ்சின் நட்டநடுவில் உள்ளங்கையை வைத்து, அதன்மேல் இன்னொரு கையை வைத்து, முழங்கை மடக்காமல், இரண்டு அங்குலம் இறங்குகிற மாதிரி அழுத்த வேண்டும். நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவை. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. கை வலித்தால் ஆள் மாறலாம். கூட்டம் போடுகிறவர்களை வரிசையில் நிற்கச் சொல்லுங்கள், அடுத்தடுத்து ஆள் வேண்டும்.

யாராவது சாவிக்கொத்தோடு ஓடி வந்தால், வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் உங்கள் இரண்டு கையும் அவன் நெஞ்சில் இருக்க வேண்டும்.